ஆக்சிஜன் கருவிக்கு இரண்டு 150 ஏஎச் பேட்டரிகள்: இருபது மாதப் பயன்பாட்டின் மதிப்புரை

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், ஒன்றரை அடி உயரச் சிமெண்ட் மேடையொன்றின் மேல் இரண்டு 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரிகளும் (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட ஈய அமில வகை), பக்கத்துச் சுவரில் 24 வோல்ட்டில் இயங்கும் 2 கேவிஏ சைன் வேவ் இன்வர்ட்டர் ஒன்றும் 2024 ஏப்ரல் முதல் வேலை செய்துவருகின்றன. மின்தடையின்போது என் தந்தையாருக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் செறிவூட்டியை நிற்காமல் ஓடவைப்பதே இவற்றின் முதன்மையான பணி. கூடவே அவருடைய அறையில் ஒரு மின்விசிறி, ஒரு எல்இடி டியூப் லைட், ஒரு வைஃபை ரூட்டர். இருபது மாதங்களில் இந்த அமைப்பை மூன்று முறை கடிகாரம் வைத்துச் சோதித்திருக்கிறேன், குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைக் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பு நிறுவனங்களின் பெயரையும் கடைகளின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இதற்கு முன் நான் வாங்கி ஏமாந்த பேட்டரியும் உள்ளபடியே நல்ல பேட்டரிதான். அதை எங்கள் வீட்டுக்கு அளவெடுத்த முறைதான் தவறிப்போனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடந்து சென்றபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அப்போது மெழுகுவத்தியோடு சமாளித்துவிட்டோம். அடுத்த மாதமே அப்பாவின் நுரையீரல் நோய் முற்றி, நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை தரும் செறிவூட்டி வாங்கினோம். அந்தக் கருவி வந்த அன்றிலிருந்து, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பில் எங்கள் பகுதியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குத் தினசரி வழக்கமாகிவிட்டது. சென்னையில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று வரும். ஆகவே எனக்கு வேண்டியது ஐந்து மணி நேரம். பணி நீண்டால் அரைமணி கூடலாம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை. பேட்டரி வாங்கப் போகிறவர் முதலில் கையில் வைத்திருக்க வேண்டிய எண் இதுதான் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. பேட்டரியிடமிருந்து எத்தனை ஆம்பியர் எடுக்கப்போகிறோம் என்ற இரண்டாவது எண்ணைத்தான் தவறவிட்டேன்.

முதலில் போன கடையில் என்னிடம் கேட்ட கேள்வி, "எத்தனை ஃபேன், எத்தனை லைட் சார்?" என்பதே. செறிவூட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் தயங்கவில்லை. "அப்பாவுக்கு ரெண்டு லிட்டர்தானே ஓடுது? அப்ப பாதி கரண்ட்தான் இழுக்கும்" என்றார். காகிதத்தில் பேட்டரியின் 150 ஏஎச் அளவை அதன் 12 வோல்ட்டால் பெருக்கி 1800 என்று எழுதினார்; மொத்த லோடு 435 வாட் என்று நான் கருவியின் லேபிளையும் மற்றவற்றையும் கூட்டிச் சொன்னதால் 1800 ஐ 435 ஆல் வகுத்து, "நாலு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு ஓடும், ரெண்டு லிட்டர்னா அஞ்சுக்கு மேலேயே போகும்" என்று முடித்தார். கணக்கு பார்வைக்குச் சரியாகவே இருந்தது. 900 விஏ சைன் வேவ் இன்வர்ட்டர் ஒன்றும், 150 ஏஎச் டால் டியூபுலர் பேட்டரி ஒன்றும் வந்து இறங்கின.

மார்ச் மாதத்தில் வந்த முதல் பராமரிப்பு மின்தடை அன்று, காலை 9 மணி 4 நிமிடத்துக்கு மின்சாரம் போனது. 11 மணி 14 நிமிடத்துக்கு இன்வர்ட்டர் விட்டு விட்டு ஊளையிட்டு நின்றது. அதாவது, 2 மணி 10 நிமிடம். செறிவூட்டி தன் பங்குக்கு நீண்ட அபாய ஒலியை எழுப்ப, வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சிலிண்டரைத் திறந்து அப்பாவுக்கு மாற்றிவிட்டுப் பேட்டரியருகே போய்த் தொட்டுப் பார்த்தேன். டெர்மினலிலிருந்து இன்வர்ட்டருக்குப் போகும் ஒயரின் முனை, விரலை வைத்து எடுக்கும் அளவுக்குச் சூடாக இருந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, புதிய பேட்டரி நான்கைந்து தடவை ஏறி இறங்கினால்தான் முழுத் திறனுக்கு வரும் என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. டியூபுலர் பேட்டரி சில சுழற்சிகளுக்குப் பிறகே முழுக் கொள்ளளவைக் காட்டும். நானும் ஐந்து முறை இறக்கி ஏற்றினேன். 2 மணி 10 நிமிடம் 2 மணி 20 நிமிடமானது. அவ்வளவுதான்.

நான்கு மணி நேரம் என்று காகிதத்தில் வந்தது ஏன் பாதியாகக் குறைந்தது என்பதை விளக்காமல் இந்த மதிப்புரையை மேலே கொண்டுசெல்ல முடியாது. பேட்டரியின் மேல் 150 ஏஎச் என்று அச்சிட்டிருப்பதன் கீழே, கவனித்துப் பார்த்தால், சிறிய எழுத்தில் சி20 என்று இருக்கும். 27 டிகிரி வெப்பநிலையில், தொடர்ந்து 7.5 ஆம்பியர் மட்டும் எடுத்துக்கொண்டே போனால், 20 மணி நேரம் கழித்து மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் என்பதே அந்த எழுத்தின் பொருள், 7.5 ஐ 20 ஆல் பெருக்கினால் 150. எங்கள் வீட்டில் நடந்தது என்ன? 435 வாட் லோடுக்கு இன்வர்ட்டர் தன் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிடம் 530 வாட் வாங்குகிறது. அதை 12 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைந்த அழுத்தத்தால் வகுத்தால் 45 ஆம்பியர் வருகிறது. ஏழரை ஆம்பியருக்கு வாக்குக் கொடுத்த பேட்டரியிடம் ஆறு மடங்கு வேகத்தில் கேட்டிருக்கிறோம். ஈய அமிலப் பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்கக் கிடைக்கும் மொத்த அளவு குறையும். தகடுகளின் உட்பகுதிக்கு அமிலம் ஊறிச் செல்ல நேரம் போதாமல், உள்ளே இன்னும் சரக்கு இருக்கும்போதே மின்னழுத்தம் விழுந்துவிடும். வில்ஹெல்ம் பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897 இல் இதற்கு ஒரு சூத்திரமே வகுத்துவிட்டார். அவருடைய சூத்திரத்தில், இவ்வகைப் பேட்டரிக்குப் பொதுவாகப் பொருந்தும் 1.2 என்ற அடுக்கைப் போட்டுப் பார்த்தால், 45 ஆம்பியரில் இந்தப் பேட்டரி தரக்கூடியது 150 அன்று, ஏறத்தாழ 105 ஏஎச். நேரம் 2 மணி 20 நிமிடம். நான் கடிகாரத்தில் பார்த்ததும் அதுவே. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தெரிந்த ஒரு விஷயம் கடைக் காகிதத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

அந்தப் பேட்டரி இப்போது தங்கையின் வீட்டில் இருக்கிறது. அங்கே இரண்டு மின்விசிறி, இரண்டு டியூப் லைட், மொத்தம் 190 வாட். அங்கே அது ஆறு மணி நேரம் ஓடுகிறது. லோடு பாதிக்குச் சற்றுக் கீழே போனதற்கு நேரம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருப்பதைப் பாருங்கள். தங்கையின் குடும்பம் அதை மிக நல்ல பேட்டரி என்று சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. சாதாரண வீட்டின் இரவு நேரத் தேவைக்கு, அதாவது பத்து முதல் இருபது ஆம்பியருக்குள் மெதுவாக எடுக்கும் வேலைக்கு, சி20 அளவில் விற்கும் ஒற்றை 150 ஏஎச் பேட்டரி தாராளமாகப் போதும்.

இரண்டாவது கடை பல்லாவரம் பக்கம். பெரிய பலகைகூட இல்லாத கடை. பேட்டரிகளைவிடப் பழைய தகடுகளும் புனல்களும் டிஸ்டில்ட் வாட்டர் கேன்களும்தான் கண்ணில் பட்டன. கடைக்காரர் எதையும் விற்க முயலாமல், "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றேன் சார், அளந்து பாத்துட்டுப் பேசலாம்" என்றார். மறுநாள் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றையும், ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றையும் கொண்டுவந்தார். செறிவூட்டியை இரண்டு லிட்டரில் ஓட்டி அளந்தார்: 325 வாட். ஐந்து லிட்டருக்குத் திருகினார்: 340 வாட். முதல் கடைக்காரர் சொன்ன பாதிக் கணக்கு அந்த நிமிடமே அடிபட்டுப்போனது. உள்ளே இருக்கும் கம்ப்ரசர் எத்தனை லிட்டர் கேட்டாலும் ஒரே மாதிரிதான் உழைக்கிறது. நாம் திருகுவது வெளியே விடும் அளவை மட்டுமே. பிறகு கருவியை அணைத்துவிட்டு மீண்டும் போட்டு, தொடங்கும் கணத்தில் மீட்டர் துள்ளுவதைக் காட்டினார். இன்வர்ட்டரில் ஓடும்போது ஒருமுறை நான் செறிவூட்டியை அணைத்துப் போட்டபோது 900 விஏ இன்வர்ட்டரில் ஓவர்லோடு விளக்கு எரிந்தது ஏன் என்பது அப்போது புரிந்தது. இன்வர்ட்டரின் விஏ எண், ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் தூக்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரம் தூக்கும் என்பதைப் பேட்டரிதான் சொல்லும். பெரிய இன்வர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் ஓடும் என்று நம்புகிறவர்கள் என் அலுவலகத்திலேயே பாதிப் பேர் இருக்கிறார்கள்.

அவர் செய்த அடுத்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பேட்டரி அளவைத் தொடுவதற்கு முன் லோடைக் குறைத்தார். அப்பாவின் அறையில் இருந்த பழைய மின்விசிறி 75 வாட் இழுத்தது. அதை 30 வாட் இழுக்கும் பிஎல்டிசி விசிறியாக மாற்றச் சொன்னார். அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், என்னிடம் இல்லை என்றும் சொன்னார். செறிவூட்டிக்கு 330, விசிறிக்கு 30, விளக்குக்கு 20, ரூட்டருக்கு 10 என்று மொத்தம் 390 வாட் ஆனது. இன்வர்ட்டர் இழப்புக்காக அதை 0.85 ஆல் வகுத்து 459 வாட் என்றார். ஒரே பேட்டரியில் 12 வோல்ட்டில் எடுத்தால் 39 ஆம்பியர், இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் எடுத்தால் 19 ஆம்பியர். ஒயர் சூடாவதும் குறையும், பேட்டரியும் மூச்சு விடும்.

வேண்டிய நேரம் ஐந்தரை மணி என்றதும் அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 1.25 ஆல் பெருக்கினார். இந்தப் பெருக்கலை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஈய அமிலப் பேட்டரியின் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும்போது அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது மரபு. வாங்கிய முதல் நாளில் சரியாக ஐந்தரை மணி நேரம் ஓடுமாறு வாங்கினால், நான்காவது ஆண்டில் அது நாலரை மணி நேரத்துக்கும் கீழே வந்து நிற்கும். அப்போதும் நோயாளிக்குத் தேவை அதே ஐந்தரை மணிதான். துணைமின் நிலையங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் பேட்டரி அளவிடப் பொறியாளர்கள் பின்பற்றும் ஐஇஇஇ (சர்வதேச மின்பொறியாளர் அமைப்பு) 485 என்ற தரநிலையிலும் இதே 1.25 வயது ஈடாக இடம்பெற்றிருக்கிறது. வெப்பநிலைக்குத் தனி ஈடு, பிற்காலத்தில் கூடும் லோடுக்குத் தனி ஈடு என்று அதில் இன்னும் சில உண்டு. பல்லாவரம் கடைக்காரர் அந்தத் தரநிலையைப் படித்தவரா என்று நான் கேட்கவில்லை. தன் அனுபவத்தில் அவர் வந்து சேர்ந்த எண்ணும் அதுவாகவே இருந்தது. ஐந்தரையை 1.25 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஏழு மணி நேரம். 19 ஆம்பியரில் ஏழு மணி நேரம் தாங்கும் பேட்டரி வேண்டும்.

இந்த இடத்தில்தான் சி10 பேட்டரி வருகிறது. கடைகளில் சோலார் பேட்டரி என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் சி10 அளவில் மதிப்பிடப்பட்டவை. அவற்றின் மேலும் 150 ஏஎச் என்றே இருக்கும். ஆனால் 15 ஆம்பியர் வீதம் எடுத்து 10 மணி நேரம் ஓடினால் வரும் 150 அது. 7.5 ஆம்பியரில் 150 தரும் பேட்டரியைவிட 15 ஆம்பியரில் 150 தரும் பேட்டரியில் உள்ளே சரக்கு அதிகம் இருந்தாக வேண்டும். எடையிலும் அது தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துத்தான் மேடையில் ஏற்றினார்கள். ஒரே எண் அச்சிட்ட இரண்டு பேட்டரிகளை அடுத்தடுத்து வைத்து விலையை மட்டும் ஒப்பிடுகிறவர், ஒரு படியையும் ஒரு லிட்டரையும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறவரைப் போன்றவர். என் கணக்குப்படி இந்த இரண்டு சி10 பேட்டரிகளும் 19 ஆம்பியரில் ஏழு மணி இருபது நிமிடம் வரை தர வேண்டும்.

முதல் பேட்டரி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லையே, அதோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்து 24 வோல்ட் ஆக்கிவிடலாமே என்று நான் கேட்டேன். பதினேழாயிரம் மிச்சமாகும் ஆசை. அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தொடரில் இணைத்த இரண்டிலும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். அதில் கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகி, மற்றது தள்ளிக்கொண்டே இருக்க, குறைந்ததன் செல்கள் அளவுக்கு மீறி இறங்கிக் கெடும். ஏற்றும்போதோ குறைந்தது முன்னதாக நிறைந்து கொதிக்கும். "ஜோடி மாடு மாதிரி சார், ரெண்டும் ஒரே வயசு, ஒரே வலு இருக்கணும்" என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் அப்போது எனக்கு இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னர் படித்துப் பார்த்ததில் அவர் சொன்னது முழுக்கச் சரி. தயாரித்த மாதம் ஒன்றாகவே உள்ள இரண்டு பேட்டரிகளைப் பொறுக்கி எடுத்து, கடையிலேயே ஓர் இரவு முழுவதும் சார்ஜில் வைத்து, மறுநாள் ஒவ்வொரு செல்லிலும், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு எனக்குக் காட்டிய பிறகே வண்டியில் ஏற்றினார். பேட்டரிக்கு ஆறாகப் பன்னிரண்டு செல்லிலும், முழுச் சார்ஜைக் குறிக்கும் 1.240 ஐ ஒட்டியே மிதவை நின்றது.

செலவு: பேட்டரி ஒன்றுக்கு ஏறத்தாழ பதினேழாயிரம், இன்வர்ட்டர் பதினோராயிரம், ஒயரும் பொருத்துக்கூலியும் தனி. ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. முதல் முறையே அளந்து வாங்கியிருந்தால் தங்கையின் வீட்டுக்கு ஒரு பேட்டரி தேடி அனுப்பும் வேலை மிச்சமாகியிருக்கும்.

இனி, ஓட்டிப் பார்த்த கணக்கு. முதல் சோதனையை ஐந்தாறு சுழற்சிகள் முடிந்த பின், 2024 ஜூனில், மெயினை நானே அணைத்துவிட்டுச் செய்தேன். குறைமின் எச்சரிக்கை ஒலிக்கும் வரை 6 மணி 50 நிமிடம். இரண்டாவது சோதனை 2025 மே மாத வெயிலில்: 6 மணி 40 நிமிடம். மூன்றாவது 2025 அக்டோபரில்: 6 மணி 20 நிமிடம். கணக்கில் வந்த ஏழு மணி இருபது நிமிடத்தை ஒருமுறையும் தொடவில்லை. இன்வர்ட்டர் தன் பாதுகாப்புக்காகச் சற்று முன்னதாகவே நிறுத்திவிடுவதும், கருவி 330 வாட்டுக்கு மேல் இழுக்கும் நேரங்களும் காரணமாக இருக்கலாம். ஆயினும் எனக்கு வேண்டிய ஐந்தரைக்கு மேல் இன்னும் ஐம்பது நிமிடம் கையிருப்பு இருக்கிறது. உண்மையான பராமரிப்பு மின்தடைகளில், மதியம் 2 மணிக்கு மின்சாரம் திரும்பும்போது, லோடோடு சேர்த்தே மின்னழுத்தம் 23.4 வோல்ட்டுக்குக் கீழே போனதில்லை. ஒயர்முனையில் விரலை வைத்தால் சூடே தெரிவதில்லை.

பேட்டரி விற்கிறவர்கள் பெரும்பாலும் பேசாத ஒன்று, திரும்ப ஏறும் நேரம். ஐந்து மணி நேர மின்தடையில் ஏறத்தாழ 97 ஏஎச் இறங்குகிறது. எங்கள் இன்வர்ட்டர் 15 ஆம்பியரில் ஏற்றுகிறது. முதல் முக்கால் பங்கு வேகமாக ஏறிவிடும். கடைசிப் பகுதியில் பேட்டரி ஏற்கும் ஆம்பியர் தானாகக் குறைந்துகொண்டே வருவதால் அது நீளும். 2 மணிக்குத் தொடங்கினால் இரவு பதினொன்று, பன்னிரண்டு ஆகிறது பச்சை விளக்கு வர. அதே மாலையில் மீண்டும் மின்தடை வந்தால் கையில் இருப்பது பாதிதான். 12 வோல்ட் அமைப்பில் நான்கு பேட்டரிகளைப் பக்கவாட்டில் இணைத்து, 10 ஆம்பியர் சார்ஜர் ஒன்றால் ஏற்ற முயலும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பேட்டரிகள் முழுதாக ஏறுவதே இல்லை, அரைகுறையாகவே கிடந்து தகட்டில் சல்பேட் படிந்து, இரண்டாண்டில் செத்துப்போகின்றன. பேட்டரி அளவை ஏற்றினால், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியராவது தரும் சார்ஜர் வேண்டும் என்பது பொது விதி. 150 ஏஎச் என்றால் 15. எங்கள் இன்வர்ட்டர் அந்த எல்லையில் சரியாக நிற்கிறது. கூடுதல் வேகம் தரும் வசதி இருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். மின்கட்டணக் கண்ணோட்டத்தில் பார்த்தால், இரண்டு யூனிட்டுக்கும் குறைவாக எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்ப ஏற மூன்றரை யூனிட் வரை வாங்கிக்கொள்கிறது. உபகாரம் சும்மா வருவதில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பேட்டரியைக் கடைக்காரர்கள் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்கள். சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் கை வைக்க முடியாது. ஈய அமிலப் பேட்டரி தொடர்ந்து இருக்கும் வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு நேர்மாறாக, அப்பாவின் கண்ணெதிரே அவர் அறையிலேயே வைத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. பல்லாவரம் கடைக்காரர் அதைக் கேட்டுப் பதறிவிட்டார். சார்ஜ் ஏறும்போது இந்தப் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். அந்த அறையிலோ ஆக்சிஜன் செறிந்திருக்கும். இரண்டையும் ஒரே அறையில் வைப்பதைப் போன்ற மடமை வேறில்லை. மாடிப்படிக்கு அடியில் காற்று வந்துபோகிறது, வெயில் படுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்ததை நினைவில் வைத்து மேடையின் உயரத்தை நானே முடிவு செய்தேன்.

பராமரிப்பு என்று பார்த்தால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியின் நீர்மட்டம் காட்டும் மிதவைக் குறிகளைப் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறேன். கோடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. டெர்மினலில் வெள்ளைப் பூப்பு வராமலிருக்கப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறேன். அக்டோபரில் முழுச் சார்ஜில் ஹைட்ரோமீட்டரை விட்டபோது பதினொரு செல்கள் 1.240 லும் ஒன்று 1.225 லும் நின்றன. அந்த ஒரு செல்லைக் கண்காணிக்கப் பல்லாவரம் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. முதலாவது, இன்வர்ட்டரின் திரை காட்டும் விழுக்காடு நம்பத்தக்கதன்று. மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து அது கணிக்கிறது போலும். லோடு ஏறும்போது 60 என்று காட்டி, செறிவூட்டியை ஒரு நிமிடம் நிறுத்தினால் 80 என்கிறது. மருத்துவக் கருவி ஓடும் வீட்டில் இப்படிப்பட்ட திரை இல்லாமலே இருக்கலாம். நான் ஒரு சாதாரண டிஜிட்டல் வோல்ட் மீட்டரைப் பேட்டரி முனையிலேயே பொருத்தி அதைத்தான் பார்க்கிறேன். இரண்டாவது, சார்ஜ் ஏறும்போது இன்வர்ட்டரின் உள்விசிறி எழுப்பும் இரைச்சல் இரவில் படிக்கட்டு முழுக்கக் கேட்கிறது. மூன்றாவது, இன்வர்ட்டரின் பின்புறத்தில், மின்சாரம் போனதும் மிக விரைவாகப் பேட்டரிக்கு மாறும் யூபிஎஸ் முறைக்கும் சற்றுத் தாமதமாக மாறும் சாதாரண முறைக்கும் மாற்றும் சிறு சுவிட்ச் ஒன்று உண்டு; அது சாதாரண முறையில் வந்திருந்ததால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் ரூட்டர் அணைந்து எழுந்தது. சுவிட்சைத் தள்ளிய பிறகு சரியாகிவிட்டது, ஆனால் அதைக் கையேட்டின் ஒரு மூலையிலிருந்து நானாகவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உத்தரவாத அட்டையையும் நிதானமாகப் படியுங்கள். அறுபது மாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் முதல் முப்பத்தாறு மாதம்தான் இலவச மாற்று. மீதி மாதங்களுக்கு, கழிந்த காலத்துக்கேற்ப விலையில் தள்ளுபடி மட்டுமே.

லித்தியம் பேட்டரி வாங்கியிருக்கலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில், வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு பெரிதாகக் குறைவதில்லை, தண்ணீர் ஊற்றும் வேலையில்லை, எடை மூன்றில் ஒரு பங்குதான், திரும்ப ஏறுவதும் வேகம். 12 வோல்ட்டில் 39 ஆம்பியர் இழுக்கக்கூடிய எங்களைப் போன்ற வீட்டுக்கு அதுவே பொருத்தமானது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் 2024 இல் அதே நேரம் ஓடுவதற்கு எனக்குச் சொன்ன விலை ஏறத்தாழ இருமடங்கு. மேலும், கெட்டுப்போனால் பல்லாவரத்துக் கடைக்காரரைப் போல வீட்டுக்கு வந்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்துச் சொல்ல எங்கள் பகுதியில் எவரும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே டியூபுலரோடு நின்றேன். அடுத்த முறை வேறு மாதிரி முடிவெடுக்கக்கூடும்.

மிக்ஜாம் போன்ற புயலுக்கு இந்த அமைப்பு விடையாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் மின்தடையைத் தாங்க வேண்டுமானால் இப்போது இருப்பதைப் போல ஏழு எட்டு மடங்கு பேட்டரி வேண்டும். அதை வீட்டில் வைப்பது நடவாத காரியம். ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு எப்போதும் நிறைந்தே இருக்கின்றன. பேட்டரி ஐந்தாவது மணி நேரத்தைத் தாண்டினால் சிலிண்டரின் குறடு அப்பாவின் கட்டிலருகே வந்துவிட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதே போன்ற கருவிக்காக வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் முந்நூறு நானூறு ரூபாய் அதிகம் போனாலும் பரவாயில்லை, ஒரு வாட் மீட்டர் வாங்கி அல்லது கடன் வாங்கி ஒரு நாள் முழுக்க அளந்துவிடுங்கள். பிறகு கடைக்காரரிடம், "இந்த ஆம்பியரில், நாலாவது வருஷத்தில் எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். அவர் 12 ஆல் பெருக்கத் தொடங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம். எங்கள் அடுத்த சோதனை வரும் மே மாதம். ஐந்தரை மணிக்குக் கீழே இறங்கினாலோ, அந்த ஒற்றைச் செல் 1.200 ஐத் தொட்டாலோ, முப்பத்தாறு மாதம் முடிவதற்குள் அட்டையை எடுத்துக்கொண்டு பல்லாவரம் போவதாக இருக்கிறேன்.